மேசைக் கணினிப் பழுது: எந்த மென்பொருளை முதலில் ஓட்டுவது, எதைக் கடைசிக்கு வைப்பது

கணினி மெதுவாகிவிட்டது, தானாக அணைகிறது, நீலத்திரை வருகிறது, பென் டிரைவில் இருந்ததெல்லாம் ஷோர்ட்கட் ஆகிவிட்டது. இப்படி ஏதாவது ஒரு முறைப்பாட்டுடன் மேசைக் கணினி ஒன்று கைக்கு வந்தால், எந்த ஒழுங்கில் வேலை செய்வது என்பதைப் பற்றியது இந்த வழிகாட்டி. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்து வீடுகளிலும் பாடசாலைகளிலும் தோட்ட அலுவலகங்களிலும் கொமியூனிகேஷன் கடைகளிலும் இருக்கிற விண்டோஸ் 10, 11 கணினிகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

தேவையான பராமரிப்பு மென்பொருட்கள் எல்லாமே இலவசமாக டவுன்லோட் செய்யக் கிடைக்கும். வேலை பழக வருகிறவர்களுக்கு அவற்றின் பெயர்களும் பெரும்பாலும் தெரியும். தடுமாறுவது வரிசையில்தான். பராமரிப்பு மென்பொருட்களில் சில, கணினியைப் பார்த்துத் தகவல் சொல்வதோடு நின்றுவிடும். மற்றவை வட்டில் எழுதும், அழிக்கும், மாற்றும். பார்ப்பவற்றை முதலில் ஓட்டுங்கள், பிறகு பிரதி எடுங்கள், அதற்கும் பிறகே மாற்றுபவற்றைத் தொடுங்கள். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த ஒரு விதியிலிருந்து வருவதுதான்.

1. டவுனை விட்டுக் கிளம்புமுன்

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எதையாவது டவுன்லோட் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் ஒரு கோடு இருந்தாலே பெரிய விஷயம். விண்டோஸை மறுபடி போட உதவும் ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் 5 ஜிபிக்கு மேல் வரும். இரவு டேட்டா இருக்கும்போது வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: வென்டோய் போட்ட ஒரு பென் டிரைவ், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போட்ட இன்னொரு சின்ன பென் டிரைவ், காலியிடம் உள்ள வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று, வட்டை மதர்போர்டோடு இணைக்கும் நல்ல சாட்டா கேபிள் ஒன்று, சிஆர்2032 பெட்டரி ஒன்று, ஒரு கொப்பி, பேனை. வென்டோயின் வசதி என்னவென்றால் ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே பென் டிரைவுக்குள் போட்டால் போதும், கணினி அதிலிருந்து தொடங்கும்போது பட்டியல் காட்டும். அதற்குள் விண்டோஸ் 10, விண்டோஸ் 11, முழு வட்டையும் பிரதி எடுக்கும் ரெஸ்க்யூஸில்லா ஆகிய மூன்று ஐஎஸ்ஓக்களும் இருக்கட்டும். செக்யூர் பூட் (அறிமுகமில்லாத எதிலிருந்தும் கணினியைத் தொடங்க விடாத பாதுகாப்பு) இயங்கும் கணினியில் வென்டோயை முதல் தடவை செருகும்போது, சாவி ஒன்றைப் பதியச் சொல்லி நீலத்திரை வரும். அது பழுது அல்ல. ஒரு தடவை பதிந்துவிட்டால் அந்தக் கணினி மறுபடி கேட்காது.

இங்கே கைமாறிக்கொண்டிருக்கிற ஹிரென்ஸ் என்ற பழைய பழுதுபார்க்கும் சிடி, பெரும்பாலும் 2012-இல் வந்த 15.2 பதிப்பு. அதற்குள் இருக்கும் மினி எக்ஸ்பிக்கு இன்றைய வேக வட்டுகளான என்விஎம்இ கண்ணுக்கே தெரியாது. விருப்பமென்றால் பிஇ என்று முடிகிற புதிய பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன மென்பொருட்களை இன்ஸ்டால் செய்யத் தேவையில்லாத போர்டபிள் வடிவில் எடுங்கள். நோயாளிக் கணினியின் வட்டில் புதிதாக எதையும் எழுதாமல் இருப்பதுதான் முதல் மரியாதை. எடுக்கும் இடம், அதைத் தயாரித்தவரின் சொந்தத் தளமாக இருக்கட்டும். தேடலில் மேலே வரும் விளம்பரங்களில் உள்ள பச்சை டவுன்லோட் பட்டன்கள்தான், நீங்கள் பிறகு துடைக்கப் போகிற குப்பையின் பிறப்பிடம்.

இந்தக் கருவிகளைப் பென் டிரைவுக்குப் பதிலாக, பக்கவாட்டில் பூட்டு உள்ள எஸ்டி கார்டில் வைப்பது இன்னும் நல்லது. பூட்டைத் தள்ளிவிட்டால் பெரும்பாலான ரீடர்கள் அதில் எழுத விடாது. வைரஸ் உள்ள கணினியில் செருகினாலும் அது உங்கள் கருவிகளில் ஏறிக்கொள்ளாது.

2. திரையைப் பார்க்குமுன் பெட்டியைப் பாருங்கள்

மலையகத்தில் கணினியைக் கெடுப்பவை ஈரம், விறகுப் புகை, இடி. இவை மூன்றுக்கும் மென்பொருளில் மருந்து கிடையாது.

மழையில் பஸ்ஸில் வந்த கணினியை உடனே போடாதீர்கள். குளிர்ந்த பெட்டி வெதுவெதுப்பான அறைக்குள் வந்ததும் உள்ளே பனித்துளி கட்டும். மூடியைத் திறந்து வைத்து ஓரிரு மணி நேரம் விடுங்கள். விறகு அடுப்பு உள்ள வீட்டிலிருந்து வந்த பெட்டியில் தூசு உதிர்ந்து வராது, பிசின் போல ஒட்டிக்கொண்டிருக்கும். விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள், தாராளமாகச் சுற்ற வேண்டும். ரேம் குச்சிகளைக் கழற்றி, தங்க நிறப் பற்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள். "ஒன் பண்ணினால் பீப் பீப் என்கிறது, திரை வரவில்லை" என்று வருகிற பல கணினிகள் இந்த இடத்திலேயே எழுந்துவிடும். ஈரத்தில் அந்தப் பற்களில் படிவது மெல்லிய படலம்தான், ஆனால் தொடர்பை அறுக்க அது போதும்.

அடுத்து மூலையில் காட்டும் திகதி. 2012 என்றோ 2015 என்றோ காட்டினால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பெட்டரி இறந்துவிட்டது. திகதி பிழையானால் பாதுகாப்பான இணையத்தளங்களின் சான்றிதழ்கள் செல்லாது என்று பிரவுசர் சொல்லும், அப்டேட் வராது. அதைப் பார்த்துப் பிரவுசரை அழித்து மறுபடி போடுபவர்கள் நிறையப் பேர். வேலை என்னவோ ஒரு பெட்டரி மாற்றுவதுதான்.

ஆனால் பெட்டரியைக் கழற்றுமுன் பயோஸுக்குள் (விண்டோஸ் ஏறுமுன் திறக்கும், மதர்போர்டின் சொந்த அமைப்புப் பக்கங்கள்) போய் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டரி கழன்றதும் பயோஸ் தன் ஆரம்ப நிலைக்குப் போய்விடலாம். அப்போது சாட்டா முறை (மதர்போர்டு வட்டோடு பேசும் விதம்) ஏஹெச்சிஐயில் இருந்து வேறொன்றுக்கு மாறினால், நன்றாக இருந்த விண்டோஸ் நீலத்திரையுடன் நின்றுவிடும். நல்ல விண்டோஸை ஃபோர்மட் செய்துவிட்டு, பழுது வட்டில் இருந்தது என்று சொல்லும் கதைகளில் கணிசமானவை இந்த ஒரு அமைப்பு மாறியதால் வந்தவை.

விண்டோஸ் 11 உள்ள புதிய கணினியானால் இன்னொன்றையும் பாருங்கள். வட்டு பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருக்கலாம். பயோஸைத் தொட்டதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பெரும்பாலும் அது உரிமையாளரின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் அவருக்கு நினைவிருக்கிறதா என்பதை இப்போதே கேளுங்கள். பூட்டிய பிறகு கேட்பதில் பயனில்லை.

இடி விஷயம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடிமழை வழக்கம். வட்டில் எழுதும் நீண்ட வேலைகளை, பயோஸ் அப்டேட்டை, அந்த மாதங்களில் காலையிலேயே முடித்துவிடுங்கள். முழக்கம் கேட்டால் கரண்ட் வயரோடு ரவுட்டருக்குப் போகும் லேன் வயரையும் கழற்ற வேண்டும். தொலைபேசிக் கம்பி வழியாக வரும் அதிர்ச்சி ரவுட்டரைத் தாண்டி மதர்போர்டின் லேன் துளையையும் கொன்றுவிடும். அப்படிச் செத்த துளைக்கு எத்தனை டிரைவர் போட்டாலும் உயிர் வராது.

3. விண்டோஸே எழுதி வைத்திருக்கும் குறிப்பை வாசியுங்கள்

உரிமையாளர் சொல்வதைக் கொப்பியில் எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன போட்டார், எந்த வேலை செய்யும்போது வருகிறது. அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தேடி ரிலையபிலிட்டி ஹிஸ்டரியைத் திறங்கள். நாள்வாரியாக எந்த மென்பொருள் விழுந்தது, எப்போது அப்டேட் ஏறியது என்று வரைபடமாகக் காட்டும். பழக வருபவர்களுக்கு விண்டோஸின் முழுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைவிட இதுதான் நல்ல தொடக்கம், ஏனென்றால் ஈவென்ட் வியூவர் ஆரோக்கியமான கணினியிலும் சிவப்புக் குறிகளால் நிறைந்திருக்கும்.

ஈவென்ட் வியூவருக்குள் போனால் இரண்டை மட்டும் தேடுங்கள். கேர்னல்-பவர் 41 என்றால் கணினி ஒழுங்காக அணைக்கப்படாமல் நின்றது என்று அர்த்தம். காரணத்தை அது சொல்லாது. கரண்ட் கட்டானாலும் அதே 41, பவர் சப்ளை செத்துக்கொண்டிருந்தாலும் அதே 41. அந்த நேரம் ஊரில் கரண்ட் இருந்ததா என்று வீட்டாரிடம் கேட்டால்தான் பிரியும். மற்றது டிஸ்க் என்ற மூலத்தில் இருந்து வரும் 7 அல்லது 153. 7 என்றால் வட்டில் கெட்ட இடம் உண்டு, 153 என்றால் வட்டிடம் கேட்டது கிடைக்காமல் மறுபடி கேட்க வேண்டியிருந்தது. இரண்டில் எது இருந்தாலும் அடுத்த படிக்கு வேகமாகப் போங்கள்.

ஒரு சின்ன விஷயம். விண்டோஸில் ஷட்டவுன் கொடுப்பது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால், முழு அணைப்பு அல்ல. விண்டோஸின் மையப் பகுதியான கேர்னல் வட்டில் உறங்கி மறுபடி அதே நிலையில் எழும். ரீஸ்டார்ட்தான் முழுதாக இறக்கி ஏற்றும். ஆகவே எந்தச் சோதனைக்கும் முன் ஒரு தடவை ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு, பிரச்சினை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. வட்டின் உடல்நிலை

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். வட்டு சாகிற நிலையில் இருந்தால் மற்ற எல்லாத் திட்டமும் மாறும்.

வட்டு தன் உடல்நிலை பற்றி எண்ணி வைத்திருப்பதைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை போர்டபிள் வடிவில் திறங்கள். எடுக்கும்போது ஸ்டாண்டர்ட் பதிப்பைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஜப்பானியக் கார்ட்டூன் பெண் ஒருத்தி திரை முழுக்க நிற்பாள். தோட்ட அலுவலகத்தில் கிளாக்கர் ஐயாவுக்கு முன்னால் அதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். நீலம் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு கெட்டது. நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள்.

எண்களை வாசிக்குமுன் ஃபங்ஷன் மெனு, அட்வான்ஸ்ட் ஃபீச்சர், ரா வேல்யூஸ் போய் பத்தின் அடிக்கு மாற்றுங்கள். ஆரம்பத்தில் அது பதினாறின் அடியில் காட்டும். கடைசியில் 10 என்று இருந்தால் அது பத்தல்ல, பதினாறு.

இப்போது இந்த நான்கு வரிகள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது வாசிக்க முடியாமல், இனி என்ன செய்வது என்று வட்டே முடிவெடுக்காமல் வைத்திருக்கும் பகுதிகள். சி6 என்பது திருத்தவே முடியாதவை. சி7 வேறு சாதி: வட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையில் தகவல் சிதைந்த தடவைகள். சி7 மட்டும் ஏறியிருந்து மற்றவை பூச்சியமாக இருந்தால் வட்டின் மேல் பழி போடாதீர்கள், சாட்டா கேபிளை மாற்றுங்கள். மாற்றினாலும் அந்த எண் குறையாது, மேலும் ஏறாமல் இருந்தால் சரி.

05-இல் சிறிய எண் ஒன்று நெடுநாளாக அசையாமல் இருந்தால் அந்த வட்டு இன்னும் ஓடலாம், பிரதியோடு. சி5-இல் எண் இருந்து, அரை மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது ஏறியிருந்தால் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். சீகேட் வட்டுகளில் 01, 07 வரிகளில் பூதாகரமான எண்கள் வரும். அது அந்த நிறுவனம் எண்ணும் முறை. அதைப் பார்த்துப் பயந்து நல்ல வட்டைத் தூக்கி எறிய வேண்டாம்.

இந்த இடத்தில் நடக்கும் பெரிய பிழை: வட்டு மெதுவாக இருக்கிறது என்றதும் விண்டோஸின் வட்டுத் திருத்தியான செக்டிஸ்க்கை ஆர் கட்டளையோடு ஓட்டிவிடுவது. அது வட்டின் ஒவ்வொரு அங்குலத்தையும் வாசிக்கும், வாசிக்க முடியாத இடத்தில் திரும்பத் திரும்ப முட்டும். கால் உடைந்தவனைச் சிவனொளிபாத மலை ஏறச் சொல்லிக் காலைப் பரிசோதிப்பது மாதிரி. அதோடு, செக்டிஸ்க் காப்பாற்ற நினைப்பது கோப்பு முறைமையின் ஒழுங்கை, உங்கள் கோப்புகளை அல்ல. ஒழுங்குக்காகக் கோப்பை வெட்டிப் போடவும் அது தயங்காது.

சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டி வட்டானால் சதவீதத்தில் ஆயுள் காட்டும். ஆனால் எஸ்எஸ்டிகள் 90 சதவீதம் காட்டிக்கொண்டே ஒரு நாள் சட்டென்று காணாமல் போவதும் உண்டு. சதவீதத்தை நம்பிப் பிரதியைத் தள்ளிப் போடாதீர்கள்.

எல்லா எண்களும் சரி, ஆனாலும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எப்போதும் 100 சதவீதம் என்றால், அதே பக்கத்தில் வட்டு சுழலும் எச்டிடியா எஸ்எஸ்டியா என்று பாருங்கள். எச்டிடியில் ஓடும் விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் அது தினசரி வாழ்க்கை. எந்த வேகமூட்டி மென்பொருளும் அதை மாற்றாது. 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று மாற்றும்.

5. பிரதி

வட்டு நலமாக இருந்தால் ரெஸ்க்யூஸில்லாவில் தொடங்கி, முழு வட்டையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் படிமமாக எடுங்கள். நாளைக்கு என்ன பிழைத்தாலும் இன்றைய நிலைக்குத் திரும்ப முடியும் என்ற தைரியம் அதில்தான் இருக்கிறது. நேரமில்லை என்றால் கோப்புகளையாவது எடுங்கள். அப்போது டெஸ்க்டொப், டொக்யூமென்ட்ஸ் என்று வழக்கமானவற்றோடு நின்றுவிடக் கூடாது.

தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் (தொழிலாளர் வேலைநாள், சம்பளப் பதிவு) கணக்கு மென்பொருளின் தரவு பெரும்பாலும் சி டிரைவின் அடியில் ஏதோ ஒரு பெயரில்லாத மாதிரியான ஃபோல்டரில் கிடக்கும். கிளாக்கரிடம் கேட்டு, மென்பொருளைத் திறந்து, தரவு எங்கே போகிறது என்று பார்த்து எடுங்கள். சம்பள வாரத்தில் அது காணாமல் போனால் கதை வேறு. பாடசாலைக் கணினியானால் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரையும் எடுக்க வேண்டும். பழைய வினாத்தாள்கள் பல பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. விண்டோஸை மறுபடி போட்டபின் அந்த எழுத்துரு இல்லையென்றால் தமிழ் வினாத்தாள் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று ஆசிரியர் நினைத்து அழித்தும் விடுவார்.

வட்டு சாகிற நிலையில் இருந்தால் முறை வேறு. விண்டோஸைத் தொடங்கவே வேண்டாம், அது பின்னணியில் எழுதிக்கொண்டே இருக்கும். லினக்ஸில் தொடங்கி டிடிரெஸ்க்யூவால் முழு வட்டையும் படிமமாக எடுங்கள். அது முதலில் சுலபமாக வாசிக்கக் கூடிய பகுதிகளை அள்ளிக்கொண்டு, கஷ்டமானவற்றைக் கடைசிக்கு விடும். கட்டளையில் முதலில் மூல வட்டு, அடுத்து போய்ச் சேரும் இடம், கடைசியில் மேப் கோப்பு. முதல் இரண்டும் இடம் மாறினால் காப்பாற்ற வந்த வட்டைக் காலி வட்டால் அழித்துவிடுவீர்கள். ஆகவே என்டர் தட்டுமுன் இரு வட்டுகளின் கொள்ளளவையும் மொடல் எண்ணையும் கொப்பியில் எழுதி ஒப்பிடுங்கள்.

மேப் கோப்பு எங்கே சேமிக்கப்படுகிறது என்பதும் முக்கியம். இடையில் கரண்ட் போனால், விட்ட இடத்திலிருந்து தொடர அந்தக் கோப்பு வேண்டும். லைவ் லினக்ஸின் ஹோம் ஃபோல்டரில் வைத்தால் அது ரேமில்தான் இருக்கிறது, கரண்ட்டோடு அதுவும் போய்விடும். வெளி வட்டிலேயே வையுங்கள். அந்த வெளி வட்டு ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பை ஏற்காது, என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டாக இருக்கட்டும்.

எடுத்த பிரதியில் இருந்து ஐந்தாறு கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பெயர் தெரிவதும் கோப்பு திறப்பதும் ஒன்றல்ல.

6. ரேமும் வெப்பமும்

கெட்ட ரேம் உள்ள கணினியில் திருத்தும் மென்பொருளை ஓட்டினால், அது நல்ல கோப்பையும் கெடுத்து எழுதும். அதனால்தான் இது திருத்தலுக்கு முன்னால் வருகிறது.

மெம்டெஸ்ட்86-இன் இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். நேரமில்லாவிட்டால் ஒரு சுற்றாவது முழுதாக முடியட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேம் தேறவில்லை என்றுதான் முடிவு. ஒன்றுதானே என்று விடும் வழக்கம் பழகுபவர்களிடம் உண்டு. பிழை வந்தால் குச்சிகளை ஒவ்வொன்றாக, ஒரே துளையில் மாட்டிச் சோதியுங்கள். எல்லாக் குச்சியிலும் பிழை என்றால் துளையை மாற்றிப் பாருங்கள்.

வெப்பத்துக்கு எச்டபிள்யூஇன்ஃபோவை சென்சர்ஸ் ஒன்லி என்று குறித்துத் திறங்கள். நுவரெலியாக் குளிரில், டாஸ்க் மேனேஜரில் சிபியு சும்மா இருக்கும்போதே 70 பாகையைத் தொட்டால், அது விசிறியோ காய்ந்துபோன வெப்பப் பசையோதான். கொழும்பு வெயிலில் யாரோ சொன்ன "80 வரைக்கும் சரி" என்ற கணக்கை இங்கே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

7. வைரஸ்

ஃபோட்டோகொப்பி எடுக்கும் கணினியில் நாள் முழுக்கப் பென் டிரைவ்கள் வந்து போகும். ஷோர்ட்கட் வைரஸ் வாழ்வது அங்கேதான். மாணவர் பென் டிரைவைத் திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட்டாகத் தெரியும். கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. ஷோர்ட்கட்டைத் தட்டினால் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும். அதனால்தான் யாரும் நெடுநாள் கவனிப்பதில்லை.

வரிசை: முதலில் கணினி, பிறகு பென் டிரைவ். மாற்றிச் செய்தால் சுத்தம் செய்த பென் டிரைவைச் செருகியதுமே மறுபடி ஏறும்.

விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ஸ்கேன் ஒப்ஷன்ஸ் போய் டிஃபென்டர் ஒஃப்லைன் ஸ்கேனைக் கொடுங்கள். விண்டோஸ் முழுதாக ஏறுமுன்னே ஓடுவதால், ஓடிக்கொண்டிருக்கும் வைரஸ் அதைத் தடுக்க முடியாது. இரண்டாவது அபிப்பிராயத்துக்கு மைக்ரோசொஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் போதும். அது டவுன்லோட் செய்து 10 நாளில் காலாவதியாகும், ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுக்க வேண்டும். பிரவுசரில் விளம்பரங்கள் குதித்தால் அட்வ்கிளீனர். நிரந்தரமாகக் காவல் நிற்கும் அன்டிவைரஸ் இரண்டை ஒரே கணினியில் போடாதீர்கள், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கணினியை நகர விடாது.

அப்புறம் பென் டிரைவ். ஃபைல் எக்ஸ்புளோரரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் குறியையும் எடுத்துவிடுங்கள். பல வகைகளில், பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் பத்திரமாக இருக்கும். தேவையானதை வெளியே எடுத்துவிட்டு பென் டிரைவை ஃபோர்மட் செய்யுங்கள்.

கடைசியாக ஓட்டோரன்ஸ். ஒப்ஷன்ஸில் மைக்ரோசொஃப்ட் பதிவுகளை மறைத்துவிட்டால், விண்டோஸோடு சேர்ந்து தொடங்கும் மற்ற எல்லாம் தெரியும். சந்தேகமானதை அழிக்காதீர்கள், பெட்டியில் உள்ள சரிக் குறியை மட்டும் எடுங்கள். பிழையானால் திரும்பப் போடலாம். மஞ்சள் வரிகள் கோப்பே இல்லாத பழைய எச்சங்கள், பயப்பட ஒன்றுமில்லை. விண்டோஸை அக்டிவேட் செய்யத் திருட்டுக் கருவி போட்டிருந்தால் அதுவும் பல நேரங்களில் இந்தப் பட்டியலில் எங்காவது இருக்கும். அதைக் காப்பாற்றிக்கொண்டு கணினியைச் சுத்தமாக வைத்திருக்க முடியாது என்பதை உரிமையாளருக்கு நேராகவே சொல்லிவிடுவது நல்லது.

8. இப்போது திருத்தலாம்

வட்டு நலம், ரேம் நலம், வைரஸ் இல்லை, பிரதி கையில். இனி எழுதும் மென்பொருட்கள்.

முதலில் சிஸ்டம் புரொடெக்ஷனில் ரீஸ்டோர் பொயின்ட் ஒன்று. அது பெரும்பாலும் அணைந்தே இருக்கும், ஒன் செய்துவிட்டு உருவாக்குங்கள். அடுத்து சி டிரைவின் புரோபர்டீஸ், டூல்ஸ், செக். பிழை இருந்தால் மட்டுமே மறுதொடக்கம் கேட்கும். திருத்தும்போது கரண்ட் போகக் கூடாது, யூபிஎஸ் இல்லாத வீட்டில் மழை நேரத்தில் தொடங்காதீர்கள்.

அப்புறம் நிர்வாகியாகக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, விண்டோஸின் சொந்தத் திருத்தும் கட்டளைகள் இரண்டு: முதலில் டிஸம், அது முடிந்தபின் எஸ்எஃப்சி. பலர் எஸ்எஃப்சியை முதலில் ஓட்டி, "சிலவற்றைத் திருத்த முடியவில்லை" என்று வந்ததும் கைவிடுகிறார்கள். எஸ்எஃப்சி கெட்ட கோப்புக்குப் பதிலாக நல்ல கோப்பை எடுப்பது விண்டோஸ் வைத்திருக்கும் கிடங்கு ஒன்றிலிருந்து. அந்தக் கிடங்கே கெட்டிருந்தால் எதை எடுக்கும்? டிஸம் ரெஸ்டோர்ஹெல்த் திருத்துவது அந்தக் கிடங்கைத்தான். டிஸம் 62 சதவீதத்தை ஒட்டி நெடுநேரம் நிற்பது வழக்கம், ஜன்னலை மூடிவிடாதீர்கள். அது நல்ல கோப்புகளை விண்டோஸ் அப்டேட்டில் இருந்து எடுப்பதால் இணையம் வேண்டும். லைன் இல்லாத இடத்தில், ஐஎஸ்ஓவில் உள்ள இன்ஸ்டால் கோப்பை மூலமாகக் காட்டலாம், அது கணினியில் ஓடும் அதே பதிப்பாக இருந்தால்.

இரண்டும் உதவாவிட்டால் ஃபோர்மட்டுக்குப் பாயுமுன் இன்னொரு வழி உண்டு. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐஎஸ்ஓவைத் திறந்து, அதற்குள் உள்ள செட்டப்பை ஓட்டி, கோப்புகளையும் மென்பொருட்களையும் வைத்துக்கொள் என்று தெரிவு செய்யுங்கள். விண்டோஸ் தன்மேலேயே புதிதாக ஏறும். செக்ரோல் மென்பொருளை மறுபடி போட ஆள் கிடைக்காத அலுவலகங்களில் இதைப்போல ஒரு உதவி கிடையாது. மொழியும் பதிப்பும் பொருந்தாவிட்டால் வைத்துக்கொள்ளும் தெரிவு மங்கிப் போயிருக்கும், அப்போது தொடராமல் வெளியே வந்துவிடுங்கள்.

9. துப்புரவு

இது கடைசி, அதிகம் சொல்லவும் ஒன்றுமில்லை. இடத்தை எது தின்கிறது என்று விஸ்ட்ரீயில் பாருங்கள், விண்டோஸின் சொந்த டிஸ்க் கிளீனப்பில் அழியுங்கள். எஸ்எஸ்டிக்கு டிஃப்ராக் மென்பொருள் வேண்டாம், விண்டோஸே அதற்கு வேண்டிய ட்ரிம் என்ற பராமரிப்பைச் செய்கிறது.

ரெஜிஸ்ட்ரி துடைப்பான்களைத் தொடாதீர்கள். அவற்றின் பாவனையை மைக்ரோசொஃப்ட் ஆதரிப்பதில்லை. சில நூறு பழைய வரிகள் கிடப்பதால் கணினி மெதுவாகாது, ஆனால் பிழையான ஒரு வரியை எடுத்தால் பிரின்டர் வேலை செய்யாது. பெயர்பெற்ற துப்புரவு மென்பொருள் என்பதற்காகவும் நம்ப வேண்டாம். 2017-இல் சிகிளீனரின் 5.33 பதிப்பு, அதன் சொந்தத் தளத்திலேயே தீநிரல் கலந்து வெளியானது.

டிரைவர் அப்டேட்டர்களும் அப்படித்தான். டிரைவர் இல்லாமல் நெட்வேர்க்கே வராத கணினிக்கு மட்டும், ஸ்னப்பி டிரைவர் இன்ஸ்டாலர் ஒரிஜினின் நெட்வேர்க் தொகுப்பை முன்கூட்டியே பென் டிரைவில் வைத்திருந்தால் போதும். மற்றவை விண்டோஸ் அப்டேட்டில் வரட்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதில் இணைய வங்கி பார்ப்பவரானால் விண்டோஸ் 11-க்குப் போக முடியுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்; விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப்பான டிபிஎம் 2.0 இல்லாத பழைய கணினியானால், பாவனைக்கு ஏற்ப லினக்ஸ் பற்றியும் பேசலாம்.

10. கொடுக்குமுன்

இரண்டு தடவை ரீஸ்டார்ட், ஒரு தடவை முழு அணைப்பு. பிரின்டரில் ஒரு பக்கம், ஸ்பீக்கரில் ஒரு சத்தம், தமிழில் ஒரு வரி தட்டச்சு, பாமினி வினாத்தாள் ஒன்று திறத்தல், செக்ரோல் மென்பொருளில் போன மாதக் கணக்கு. இவற்றை உரிமையாளர் முன்னாலேயே செய்யுங்கள்.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ திரையைப் படமாக்கி, திகதியோடு உங்களிடம் ஒன்று, அவருடைய கணினியில் ஒன்று வையுங்கள். அடுத்த தடவை அதே கணினி வரும்போது 05, சி5 எண்களைப் பழையதோடு ஒப்பிட அது வேண்டும்.